ஒரே ஒரு பயம்

அந்த வழித்தடத்தில் பஸ் ஏறுகிறவர்களில் அவள் குரலைக் கேட்காதவர் கிடையாது. பின்படிக்கட்டில் நின்றுகொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல பந்து விளையாடுற அளவுக்கு இடம் கிடக்கு!" என்று அவள் ஒரு சத்தம் போட்டால் முன்னால் டிரைவர் அண்ணன் தலைக்கு மேலே தொங்கும் கண்ணாடி ஆடும். கண்டக்டர் வேலைக்கு வந்த புதிதில் யாரோ ஒரு பயணி 'கணீர்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். டிப்போவிலும் அதுவே நிலைத்துவிட்டது. மேலதிகாரிகூட, "கணீரை வரச் சொல்லு" என்றுதான் ஆள் அனுப்புவார்.

குடித்துவிட்டு ஏறுகிறவன், டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடிக்கிறவன், கூட்டத்தைச் சாக்கு வைத்து உரசுகிறவன், எல்லோருக்கும் அவளிடம் மருந்து இருந்தது. ஒருநாள் ஒருத்தன் ஒரு கல்லூரிப் பெண்மேல் சாய்ந்து சாய்ந்து வந்தான். கணீர் அவன் தோளைத் தட்டி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "தம்பி, பிடிச்சுக்கிற கம்பி மேல இருக்கு. இந்தப் பொண்ணு கம்பி இல்ல" என்றாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அவன் இறங்கிவிட்டான்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குள் நடுங்கிக்கொண்டு வாழ்ந்தாள் என்று சொன்னால் டிப்போவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். புருஷனுக்கு நடுங்கவில்லை. அவன் வெல்டர். பட்டறையில் நெருப்போடு மல்லுக்கட்டிவிட்டு வருவதால் வீட்டில் வார்த்தையைச் செலவழிக்காத மனுஷன். அவள் நடுங்கியது கடவுளுக்கு.

அந்தப் பயத்தை உண்டாக்கியது அவளுடைய அப்பா. இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு, "மேல இருக்கிறவர் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கார்" என்பார். அடி முடிந்ததும் முழங்கால் போட வைத்து ஜெபம் சொல்ல வைப்பார். பெல்ட்டும் ஜெபமும் ஒரே மூச்சில் வந்ததால் சின்னப் பிள்ளையின் மனசில் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. வளர்ந்து, கல்யாணமாகி, வேலைக்கு வந்த பிறகும் அவளுக்குக் கடவுள் என்றால் செக்கிங் இன்ஸ்பெக்டர்தான். எந்த நிறுத்தத்தில் ஏறுவார் என்று தெரியாது. ஏறினால் குற்றம் கண்டுபிடிக்காமல் இறங்கமாட்டார்.

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜெப வீட்டுக்கு அவள் போக ஆரம்பித்ததற்கு வேறு காரணம் இருந்தது. மகள் பிறப்பதற்கு முன்னால் ஒரு ஆண்பிள்ளை வயிற்றிலேயே செத்துப்போனது. அந்தச் சமயத்தில் ஜெப வீட்டுப் பெண்கள்தான் முறை வைத்து வந்தார்கள். துணி துவைத்துப் போட்டார்கள், சமைத்து வைத்தார்கள், அவள் அழுதபோது பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்த அன்பு பொய்யில்லை. பின்னால் என்ன நடந்திருந்தாலும் அதை மட்டும் அவள் மறுத்துப் பேசியதே கிடையாது.

ஜெப வீட்டை நடத்தியவரை எல்லோரும் 'ஐயா' என்பார்கள். வெள்ளைச் சட்டை, தாழ்ந்த குரல். மெதுவாகப் பேசுவார். ஆனால் பேசி முடிக்கும்போது, "இது நான் சொல்லல மகளே, கர்த்தர் சொல்றார்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு யாரும் வாயைத் திறக்க முடியாது. யார் எந்த வீட்டில் குடியிருப்பது, யார் பிள்ளைக்கு எங்கே சம்பந்தம் பேசுவது, எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தால்தான் நடக்கும். பஸ்ஸில் தினமும் முன்னூறு பேரை அதட்டுகிறவள் அங்கே பாயில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வாள். அப்பாவின் பெல்ட்டைவிட அந்தத் தாழ்ந்த குரல் அவளுக்குப் பயமாக இருந்தது.

மகள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குப் போன வருஷம் அந்தச் சீக்கு வந்தது. முதலில் தண்ணீர் தாகம். குடம் குடமாகக் குடித்தாள், ஓயாமல் கழிவறைக்கு ஓடினாள். "வெயில் காலம்தானே" என்று இருந்துவிட்டார்கள். பிறகு உடம்பு இளைத்தது. பள்ளிச் சீருடை தோளிலிருந்து நழுவியது. ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, சர்க்கரை என்றார்கள்.

"சின்னப் பிள்ளைக்குச் சர்க்கரையா டாக்டர்? நாங்க மிட்டாய்கூட அதிகமா வாங்கித் தர்றதில்லையே."

"இது மிட்டாயால வர்றது இல்லம்மா. உடம்புல இன்சுலின் சுரக்குறது நின்னு போச்சு. நாமதான் வெளியில இருந்து குடுக்கணும். தினமும், வாழ்நாள் முழுக்க. இதை நிறுத்தினா பிள்ளை தங்காது." டாக்டரம்மா சுற்றி வளைக்காத ஆள். வயிற்றிலும் தொடையிலும் எப்படி ஊசி போடுவது என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். முதல் ஊசி போடும்போது கணீர் எங்கே குத்துவது என்று தேடிக்கொண்டே இருந்தாள். மகள்தான், "அம்மா, டிக்கெட் கிழிக்கிற மாதிரி டக்குனு குத்திரு" என்று சிரித்தாள்.

மருந்துக் குப்பிகள் ஃப்ரிட்ஜ் கதவில், முட்டை வைக்கிற பள்ளத்தில் இடம் பிடித்தன. மகளின் கன்னம் திரும்பவும் உப்பியது. சீருடை தோளில் நின்றது. வீடு அந்தப் புதிய ஒழுங்குக்குப் பழகிவிட்டது என்று நினைத்த நேரத்தில்தான் ஐயா கூப்பிட்டு அனுப்பினார்.

ஞாயிறு ஆராதனையில் மகளை முன்னால் நிறுத்தினார். தலைமேல் கை வைத்தார். நெடுநேரம் ஜெபித்தார். கூட்டம் முழுக்கக் கைதட்டிப் பாடியது. அவர் கண்ணைத் திறந்து, "பிள்ளை சுகமாயிட்டா" என்று அறிவித்தார். "இனிமே ஊசி கிடையாது. ஊசி போடுறது அவிசுவாசம். சுகம் குடுத்தவர் முகத்துல குத்துற மாதிரி. மகளே, இனிமேலும் நீ ஊசியை எடுத்தா கர்த்தர் உன் வீட்டை விட்டுப் போயிடுவார். இது நான் சொல்லல."

மகள் கண் மினுங்க அம்மாவைப் பார்த்தாள். ஊசி வேண்டாம் என்றால் எந்தப் பிள்ளைதான் சந்தோஷப்படாது? அதுவும் போக, அவள் உண்மையாகவே நம்பினாள். கணீர் நம்பினாளா? அதைக் கேட்டால், "நம்பல, பயந்தேன்" என்றுதான் பின்னாளில் சொல்வாள். கர்த்தர் ஏற்கெனவே ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டவர். இன்னொன்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார் என்று என்ன நிச்சயம்?

அன்று சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். குப்பியைப் பார்த்தாள். மூடிவிட்டாள்.

வெல்டர் மட்டும், "டாக்டரம்மா நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்களே" என்றான்.

"கர்த்தரைவிட டாக்டரம்மா பெரியவங்களா?" என்று அவள் சீறினாள். தன் வாயிலிருந்து அப்பாவின் குரல் வந்தது அவளுக்கே கேட்டது. அவன் அதற்குமேல் பேசவில்லை. அப்படிப் பேசாமல் இருந்ததற்காக அவன் தன்னை மன்னிக்க வெகுகாலம் பிடித்தது.

மறுநாள் மகளுக்குப் பழைய தாகம் வந்தது. அதற்கு அடுத்த நாள் வாந்தி எடுத்தாள். "விசுவாசத்துல சோதனை வரும்" என்றார்கள் ஜெப வீட்டில். மத்தியானம் அவளை உபவாச ஜெபத்துக்குத் தூக்கி வரச் சொன்னார் ஐயா. பாயில் படுக்க வைத்தார்கள். சுற்றி நின்று கை நீட்டி எல்லோரும் உரத்த சத்தமாய் ஜெபித்தார்கள். மகள் மூச்சு விடுவது ஓடிவிட்டு வந்த நாய்போல் இருந்தது. கூப்பிட்டால் கண் திறந்தாள், பார்வை எங்கேயோ போனது. கணீர் குனிந்து முகத்தோடு முகம் வைத்தாள். மூச்சில் அழுகிய பழத்தின் வாசம் அடித்தது. முதன்முதலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன அன்று அடித்த அதே வாசம்.

அப்போது அவளுக்குள் ஒன்று நடந்தது. அதை அவள் பல பேருக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், முழுசாகச் சொல்ல வந்ததில்லை. சுற்றிலும் அத்தனை சத்தம். அதற்கு நடுவில் திடீரென்று, கடவுள் அங்கே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. தண்டிக்க வந்த இன்ஸ்பெக்டராக இல்லை. அந்தப் பிள்ளையை உண்டாக்கினவராக, உண்டாக்கி அவள் கையில் கொடுத்தவராக இருந்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் அவள் யாரைக் கை காட்டுவாள்? 'ஐயா சொன்னார்' என்றா? அந்தச் சந்நிதியில் ஐயா எங்கே இருப்பார்? அவரும் ஒரு மண் மனுஷன், இவளைப்போலவே நின்று பதில் சொல்ல வேண்டிய ஆள். இத்தனை வருஷமும் கடவுளுக்குப் பயந்தேன் பயந்தேன் என்று சொல்லிக்கொண்டு, பயந்ததெல்லாம் அப்பாவுக்கும் இந்த மனுஷனுக்கும்தான். உண்மையான பயம் அவளுக்கு அன்றைக்குத்தான் வந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனால் ஆச்சரியம், அந்த நடுக்கத்தில் கால் மடங்கவில்லை. எழுந்து நின்றது.

மகளை வாரித் தோளில் போட்டாள்.

"மகளே, எங்க போற? ஜெபம் முடியல" என்றார் ஐயா.

"நான் ஆஸ்பத்திரி வாசல்ல முடிச்சுக்கிறேன்."

"இந்த வாசலைத் தாண்டினா கர்த்தருடைய கோபம் உன்மேல வரும். உனக்குத் தேவ பயம் இல்லையா?"

"இருக்கு ஐயா. அதனாலதான் தாண்டுறேன்."

வாசலில் நாலைந்து பேர் மறித்து நின்றார்கள். பொல்லாதவர்கள் இல்லை, பயந்துபோனவர்கள். கணீர் மூச்சை இழுத்தாள். நெரிசல் நேரத்துப் பஸ்ஸில் ஒலிக்கிற அந்தக் குரல் ஜெப வீட்டுக்குள் முதல் தடவையாக ஒலித்தது. "வழி விடு! படியில நிக்காத! இறங்கு, இறங்கு, இறங்கு!"

பழக்க தோஷம் பொல்லாதது. அவள் பஸ்ஸில் தினமும் போகிற சனம்தானே, கால்கள் தானாக ஒதுங்கின. ஒருத்தர் தன்னையறியாமல் படியிறங்கித் தெருவுக்கே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாங்கு வாங்கென்று வாங்கினாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! பிள்ளையைக் கொல்லப் பாத்தீங்களா?" கணீர் அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு வசவும் அவளுக்குச் சேர வேண்டியதுதான். மகள் கையில் குழாய் ஏறியது. கதவு சாத்தப்பட்டது.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அவள் ஜெபம் பண்ணினாள். அதை ஜெபம் என்று ஜெப வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "நீர் அவளை எடுத்துக்கிட்டாலும் நீர்தான் ஆண்டவர். விட்டு வச்சாலும் நீர்தான் ஆண்டவர். எனக்கு வேற போக்கிடம் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், இனிமே உம்ம பேரைச் சொல்லி எவன் மிரட்டினாலும் நான் மிரளப் போறதில்ல. நீர் சொல்லணும்னா நீரே சொல்லும்." சொல்லி முடித்ததும் தானே வாயைப் பொத்திக்கொண்டாள். யாரிடம் இப்படிப் பேசிவிட்டோம்! ஆனால் இடி விழவில்லை. பட்டறையிலிருந்து ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெல்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமென்" என்று மட்டும் சொன்னான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு டாக்டரம்மா வெளியே வந்தாள். முகம் கொஞ்சம் இளகியிருந்தது. "கண்ணு முழிச்சுட்டா. அம்மா எங்கேன்னு கேக்குறா."

கதை இதோடு முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மகள் வீடு திரும்பிய பிறகு ஜெப வீட்டுக்காரர்கள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. செத்த பிள்ளைக்காக அவளோடு அழுத பெண்கள், பிழைத்த பிள்ளையைப் பார்க்க வரவில்லை. சந்தைக்குப் போகிற வழியில் எதிர்ப்பட்டால் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள். அது அவளுக்கு வலித்தது, நிஜமாகவே வலித்தது. போதாக்குறைக்குக் கொஞ்ச நாளில் பட்டறையில் வெல்டரின் கண்ணில் ஒரு தீப்பொறி தெறித்தது. ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் வீட்டில் இருந்தான்.

"பாத்தியா, சாபம் பலிக்குது" என்று ஜெப வீட்டிலிருந்து பேச்சு வந்தது.

அந்தப் பேச்சு அவளை ஆட்டித்தான் பார்த்தது. பழைய பயம் அவ்வளவு சீக்கிரம் காலி செய்துவிட்டுப் போகுமா? பணிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அப்படியே நின்றுவிடுவாள். ஒருவேளை ஐயா சொன்னது சரிதானோ?

ஒருநாள் அதை அவள் வாய்விட்டே கேட்டபோது, கட்டுப் போட்ட கண்ணோடு கட்டிலில் சாய்ந்திருந்த வெல்டர் சிரித்தான். "கண்ணாடி மாட்டாம வெல்டிங் அடிச்சேன். பொறி தெறிச்சிருச்சு. இதுல கர்த்தரை ஏன் இழுக்குற? போன வருஷம் நம்ம முதலாளி கண்ணுலயும்தான் தெறிச்சுது. அவருக்கு யாரு சாபம் விட்டா?"

"அப்ப உங்களுக்குப் பயமே இல்லையா?"

"கண்ணு போயிருமோன்னு பயம் இருக்கு. கர்த்தர் போயிருவாரோன்னு பயம் இல்ல."

இந்த மனுஷன் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. அன்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். சில்லறையைத் தவறாகக் கொடுத்து ஒருவரிடம் திட்டும் வாங்கினாள்.

கண் பிழைத்துக்கொண்டது. ஆனால் பிழைக்காமல் போயிருந்தாலும் தன் மனசு மாறியிருக்காது என்று அவள் அறிந்திருந்தாள். அந்த அறிவு அவளுக்குக் கண்ணைவிடப் பெரிய சொத்தாகத் தெரிந்தது. சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன சபை இருந்தது. அங்கே போதகர் பிரசங்கத்தில் அடிக்கடி இருமுவார், பாடலில் சுருதி சேராது. யாரும் யாரையும் மிரட்டவில்லை. அவள் கடைசி பெஞ்சில் உட்காரத் தொடங்கினாள்.

அப்புறம்தான் அந்தச் செய்தி காதுக்கு வந்தது. ஜெப வீட்டில் ஐயா அவள் மகளைச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். 'நம்ம சபைப் பிள்ளை ஒண்ணு, சர்க்கரை வியாதி, ஜெபத்துல பூரண சுகம், இன்னைக்கு ஓடி விளையாடுது' என்று. அதைக் கேட்டுவிட்டுக் காய்கறிக்கடைக்காரி தன் மகனுக்கு வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். காய்கறிக்கடைக்காரி தினமும் விடிகாலை பஸ்ஸில் மூட்டையோடு ஏறுகிறவள். அவளே சொன்னாள், பெருமையாக.

"அக்கா, உங்க பிள்ளைக்குக் கிடைச்ச மாதிரி என் பையனுக்கும் கிடைக்கும்னு ஐயா வாக்குக் குடுத்திருக்கார்."

கணீர் நீட்டிய டிக்கெட்டைப் பின்னுக்கு இழுத்தாள். "என் பிள்ளைக்கு என்ன கிடைச்சுது? நான் இன்னைக்குக் காலையில ஊசி போட்டுட்டுதான் வந்திருக்கேன்."

"சும்மா சொல்லாதீங்கக்கா. நீங்க கோவத்துல சபையை விட்டுப் போனவங்க. அப்படித்தான் சொல்லுவீங்கன்னு ஐயா முன்னாடியே சொல்லிட்டார்."

எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவள் கேட்கவில்லை. இறங்கும்போது மூட்டையைத் தலைக்கு ஏற்றிவிடக்கூடக் கணீரிடம் கேட்காமல், வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கணீர் டயர் கடை மாடிப்படியில் ஏறினாள். வெல்டரும் கூட வந்தான். மகளும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "என்னைப் பத்தித்தானே பேசுறாங்க" என்றாள். பிள்ளை சொல்வதில் நியாயம் இருந்தது.

உள்ளே அவர்களைக் கண்டதும் பாட்டு தடுமாறியது. ஐயா தடுமாறவில்லை. கையை விரித்து, "காணாமப் போன மகள் திரும்பி வந்துட்டா!" என்றார். கூட்டம் ஸ்தோத்திரம் சொன்னது. கணீர் ஒரு நிமிஷம் சுற்றிலும் பார்த்தாள். அந்தப் பாய்கள், அந்த மின்விசிறிச் சத்தம், துணி துவைத்துப் போட்ட அந்தக் கைகள். மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டால் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும்.

கர்த்தர் செய்த நன்மையை ஆளாளுக்கு எழுந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தது. அவளிடம் மைக் வந்தது.

"என் பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி சுகமாகல" என்றாள்.

பழக்கத்தில் ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்த ஒருத்தர் பாதியில் நிறுத்தினார்.

"இங்க ஜெபம் பண்ணின அன்னைக்கும் சுகமாகல, இன்னைக்கும் சுகமாகல. ஊசியை நிறுத்தினேன், சாகப் போனா. நீங்க எல்லாரும் பாத்தீங்க. மூச்சு வாங்கினதைப் பாத்தீங்க. இன்னைக்குக் காலையில ஊசி போட்டேன். நாளைக்கும் போடுவேன். கர்த்தர் நல்லவர். அவர் சொல்லாததைச் சொன்னதாச் சொல்ல எனக்குப் பயமா இருக்கு. உங்க யாருக்கும் பயமா இல்லையா?"

அதற்குள் யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள். கணீரிடமா! அவள் மைக்கைப் பாயில் வைத்துவிட்டுத் தன் சொந்தக் குரலில் தொடர்ந்தாள். கீழே டயர் கடைக்காரன் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு மேலே அண்ணாந்து பார்த்தான் என்று பிறகு சொன்னார்கள்.

"காய்கறிக்கடை அக்கா, உங்க பையனுக்கு மாத்திரையைக் குடுங்க. குடுத்துட்டு ஜெபம் பண்ணுங்க. நானும் பண்றேன். மாத்திரை குடுத்தா ஓடிப்போற அளவுக்கு நம்ம ஆண்டவர் கோழை இல்ல."

ஐயா கண்ணை மூடிக்கொண்டு, "இவளைச் சாத்தானுக்கு ஒப்புக்கொடுக்கிறேன்" என்றார், அதே தாழ்ந்த குரலில்.

"அந்த அதிகாரம் உங்க கையில இல்ல ஐயா" என்றாள் அவள். அப்போது மகள் முன்னால் வந்து, யாரும் எதிர்பார்க்காத மாதிரி, சட்டையைக் கொஞ்சம் தூக்கி வயிற்றில் ஊசி குத்திய புள்ளிகளைக் காட்டினாள். "இதோ பாருங்க. நான்தான் அந்தச் சாட்சி" என்றாள். இந்தப் பிள்ளைக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார்கள். காய்கறிக்கடைக்காரி அன்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் சில நாள் கழித்து விடிகாலை பஸ்ஸில் ஏறி, "மாத்திரையை ஆரம்பிச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று காதோரம் சொன்னாள். அவள் ஒருத்திதான். மற்றவர்கள் அங்கேயே இருந்தார்கள். கூட்டம் குறையவில்லை, சொல்லப்போனால் கூடியது.

இதற்குப் பிறகு கணீருக்கு ஒரு புது வியாதி வந்தது. ஜெப வீட்டுக் கதையை டிப்போவில் நடித்துக் காட்ட ஆரம்பித்தாள். ஐயாவைப்போலக் கண்ணை மூடுவாள், குரலைத் தாழ்த்துவாள், "இது நான் சொல்லல மகளே" என்பாள். டீக்கடையே வயிறு வலிக்கச் சிரிக்கும். டிரைவர் அண்ணன், எந்தச் சாமியையும் கும்பிடாதவர், ஒருநாள் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா, முன்னாடி நீ அந்த ஆளுக்குப் பயந்து செத்தே. இப்ப அந்த ஆளு இல்லாம உனக்குப் பொழுது போகமாட்டேங்குது. ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது எனக்கு" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. அன்று அவரோடு பேசவே இல்லை.

அந்த வாரமே ஐயா அவளுடைய பஸ்ஸில் ஏறினார்.

வழக்கமாக அவருக்குக் கார் வரும். அன்று என்ன ஆயிற்றோ, மத்தியான வெயிலில் வியர்த்து, கம்பியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் நிறைய ஆள். அவளுடைய நாக்கு நுனியில் நல்ல நல்ல வசனமாக வந்து நின்றது. ஒரு வார்த்தை போதும், மொத்த பஸ்ஸும் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கும். இத்தனை வருஷத்துக் கணக்கையும் அதே இடத்தில் தீர்த்திருக்கலாம்.

வாயைத் திறந்தாள். அன்றைக்கு ஜெப வீட்டில் மகளுக்கு மூச்சு வாங்கும்போது வந்து நின்றவர் இங்கேயும் நிற்கிறார் என்று தெரிந்தது. ஐயாவுக்கு மேலே நிற்கிறவர்தான் தனக்கு மேலேயும் நிற்கிறார். அந்த ஆளை அவமானப்படுத்தச் சொல்லி அவர் அவளை அனுப்பவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

முன் இருக்கையில் இருந்த பையனை எழுப்பிவிட்டு, "உக்காருங்க ஐயா" என்றாள். டிக்கெட்டைக் கொடுத்தாள். கொடுக்கும்போது குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "உங்களுக்காக ஜெபம் பண்றேன். நிஜமாத்தான். ஆனா நோயாளிங்ககிட்ட மருந்தை நிறுத்தச் சொல்றவரைக்கும் உங்களை விடமாட்டேன்."

அவர் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். டீக்கடை நாடகத்தை அவள் அன்றோடு நிறுத்திக்கொண்டாள். விடமாட்டேன் என்றதை மட்டும் நிறுத்தவில்லை.

டிப்போவில் அவளுக்கு ஓய்வு நாள் வரும்போதெல்லாம் உபவாச ஜெபம் முடிகிற நேரத்தில் டயர் கடைக்கு எதிரே, தெருவின் இந்தப் பக்கம் போய் நின்றுகொள்வாள். கத்தமாட்டாள், யாரையும் மறிக்கமாட்டாள். வலியோடு இறங்கி வருகிற முகத்தைப் பார்த்தால் பக்கத்தில் போய், "மாத்திரை சாப்பிடுறீங்களா? நிறுத்திராதீங்க. வாங்க, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர்றேன்" என்பாள். முக்கால்வாசிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஒருத்தி காறித் துப்பியிருக்கிறாள். ஒரு கிழவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

போன மாதம் ஜெப வீட்டிலிருந்து வாட்டசாட்டமான ஆள் ஒருத்தன் தெருவைக் கடந்து அவளிடம் வந்தான்.

"இங்க நிக்கக் கூடாது. ஐயா சொல்லி அனுப்பினார்."

"தம்பி, இது பொது ரோடு."

"கர்த்தருடைய ஊழியத்துக்குக் குறுக்க நிக்கிறீங்க. உங்களுக்குப் பயமே இல்லையா?"

கணீர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"இருக்கு தம்பி. ஒரே ஒருத்தர் மேல. அவர் போன்னு சொன்னா போயிடுவேன். நீ வேணும்னா பக்கத்துல நில்லு, நிழல் கொஞ்சம் இருக்கு."